கண் கொடுக்க ஆளில்லை

சாய முதுகும் சார்த்தக் கையும் உள்ள நாற்காலியில் சபையின் நடுநாயகமாக வீற்றிருக்கும் நகராட்சித் தலைவர் அவர்களே; அவருக்கு வலப்பக்கம் அமர்ந்து, இந்த விழாவுக்கு விதையும் வேருமாக விளங்கும் நல அலுவலர் அவர்களே; இடப்பக்கம் அமர்ந்திருப்பவரும், எங்கள் கண்களுக்குள் விளக்கடித்துப் பார்த்து, குறையொன்றும் காணாமல் குழம்பிப் போனவருமான கண் மருத்துவர் அவர்களே; மேடை ஓரத்தில் என்னைப் பாதியும் கைக்கடிகாரத்தை மீதியுமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் மேற்பார்வையாளர் அம்மா அவர்களே;

முன்வரிசையில் புதுக் கண்ணாடி பளபளக்க அமர்ந்திருக்கும் என் உடன் பிறவாத, உடன் உழைக்கின்ற காப்பகப் பணியாளர்களே; பிள்ளை ஒரு தோளிலும் பை ஒரு தோளிலுமாக வேலையிலிருந்து நேரே வந்திருக்கும் தாய்மார்களே; அந்தத் தாய்மார்கள் கூப்பிட்டதால் வந்து, எதற்காக வந்தோம் என்று இன்னும் விளங்காமல் நிற்கும் தந்தைமார்களே; மண்டபத்தின் கடைசி வரிசையில் வாசலை ஒட்டி இடம் பிடித்து, நினைத்தபோது எழுந்து போய், நினைத்தபோது திரும்பி வரும் பெரியோர்களே; உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். கடைசியாகச் சொன்ன பெரியோர்களுக்கு மட்டும் வணக்கத்தோடு கொஞ்சம் வயிற்றெரிச்சலும்.

சிரிக்கிறீர்கள். நான் கூட்டம் தொடங்கியதிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். தலைமையுரையில் இருவர் எழுந்து போனார்கள். சிறப்புரையில் நால்வர். போன முகம் வேறு, வந்த முகம் வேறு. வரும்போது அந்த முகங்களில் ஒரு தெளிவு, ஒரு தேஜஸ். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பேருந்துப் பணிமனைக்குப் பின்னால், டயர்க் கடை மாடியில் இருக்கும் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்துக்கு நான் பொறுப்பாளர். பிள்ளைகளுக்குப் பெரியம்மா. இன்றைக்கு எங்களுக்கெல்லாம் இலவசமாகக் கண்ணாடி கொடுத்திருக்கிறார்கள். அதற்கு நன்றியுரை சொல்ல என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏன் என்னை என்று மேற்பார்வையாளர் அம்மாவைக் கேட்டேன். "நீங்கதான் சுருக்கமா முடிப்பீங்க. எப்பப் பார்த்தாலும் எங்கயோ ஓடற மாதிரியே நிப்பீங்க," என்றார். சரியாகத்தான் கவனித்திருக்கிறார். எங்கே ஓடப் பார்க்கிறேன் என்றுதான் இத்தனை வருடமாகக் கேட்கவில்லை.

இன்றைக்குச் சொல்கிறேன். சொல்லியாக வேண்டும். நாளைக் காலை நான் மருத்துவமனையில் போய்ப் படுக்க வேண்டும். நாளைக் காலை காப்பகத்தையும் திறக்க வேண்டும். இந்த இரண்டு வேலைக்கும் ஆள் ஒருத்திதான். அவள் இங்கே ஒலிபெருக்கி முன் நிற்கிறாள். எந்த வேலைக்குப் போவது என்பது இந்த மேடையை விட்டு இறங்குவதற்குள் தெரிந்தாக வேண்டும்.

அன்பினால் பேசுகிறவர்கள் உண்டு, அறிவினால் பேசுகிறவர்கள் உண்டு, ஆத்திரத்தினால் பேசுகிறவர்களும் உண்டு. அடியேன் ஆற்றாமையால் பேசுகிறேன். பொறாமை என்று சொன்னால் இன்னும் பொருத்தம். யார் மேல் பொறாமை? பணக்காரர் மேலா? பதவியில் இருப்பவர் மேலா? மாளிகையில் வாழ்பவர் மேலா? இல்லை, இல்லவே இல்லை. என் முதல் பொறாமை, மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்கள் மேல்.

எங்கள் காப்பகத்தை ஒரு முறை வந்து பாருங்கள். ஒரு பெரிய அறை, அதில் பாய்கள். ஒரு சின்ன அறை, அதில் அடுப்பு. பின்பக்கம் பிள்ளைகளுக்கென்று கட்டிய கழிப்பறை. அழகான கழிப்பறை. சுவரில் மீன் வரைந்திருக்கிறது. கதவு என் இடுப்பளவு. உட்காரும் பீடம் என் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே. என் உடம்பு உள்ளே போனால், வெளியே எடுக்க டயர்க் கடைக்காரர் நெம்புகோலோடுதான் வர வேண்டும். பெரியவர்களுக்கான கழிப்பறை கீழே இருக்கிறது. படி இறங்கி, கடையைச் சுற்றி, சந்துக்குள் போக வேண்டும்.

அந்தப் பிள்ளைகளின் வாழ்வைப் பாருங்கள். சுண்டுவிரலைத் தூக்கினால் போதும். பேச்சு வராத பிள்ளைக்குக்கூட அந்த விரல் வந்துவிடும். விரல் உயர்ந்தால் நான் ஓடுவேன். வாலு என்று ஒருவன் இருக்கிறான். தூங்கச் சொன்னால் விரலைத் தூக்குவான், கதை முடிந்தால் தூக்குவான், அடுத்தவன் தூக்கினால் துணைக்குத் தூக்குவான். பொழுது போகாமல் போய்விட்டு வருகிற ஒரு மனிதனை நினைத்துப் பாருங்கள். மன்னர்களுக்கும் வாய்க்காத வாழ்வு அல்லவா அது?

அது மட்டுமா? தண்ணீர் மணி என்று ஒன்று உண்டு. பிள்ளைகள் உடம்பு வறண்டுவிடக்கூடாது என்று வேளைக்கு வேளை மணியடித்துத் தண்ணீர் கொடுக்க வேண்டும். மணியடிப்பவள் நான். குவளையில் ஊற்றுபவள் நான். குடிக்காதவனைக் கெஞ்சுபவள் நான். குடிக்காதவளும் நான். கேள்விக்குறி என்று நாங்கள் கூப்பிடும் ஒரு குட்டிப்பெண், ஒரு நாள் குவளையை நீட்டிக்கொண்டே, "பெரியம்மா, நீ குடிக்கலையா?" என்றாள். "அப்புறம்" என்றேன். "அப்புறம்னா எப்போ?" என்றாள். அவள் கேட்ட கேள்விகளில் எனக்கு விடை தெரியாதது அது ஒன்றுதான்.

ஏன் குடிக்கவில்லை? குடித்தால் போக வேண்டும். போனால் பிள்ளைகளை யார் பார்ப்பது?

இங்கேதான் எங்கள் தொழிலின் தலையாய விதி வருகிறது. பிள்ளைகள் இருக்கும் அறையில் ஒரு பெரியவரின் கண் எப்போதும் இருந்தாக வேண்டும். அந்த விதியை நான் குறை சொல்லவில்லை. நான் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். தலையைத் திருப்பிவிட்டுத் திரும்பினால் ஒருவன் மூக்கில் பாசிமணி இருக்கும், ஒருத்தி ஜன்னல் கம்பியில் இருப்பாள். ஆகவே எங்களில் ஒருத்தி வெளியே போக வேண்டுமென்றால் இன்னொருத்தி நிற்க வேண்டும். அதற்கு எங்களுக்குள் ஒரு பேச்சு இருக்கிறது. "கண்ணு குடு." அவ்வளவுதான். 'கண்ணு குடுடி' என்றால், நான் போயே ஆக வேண்டும், கொஞ்சம் என் இடத்தில் நில் என்று பொருள். 'கண்ணு குடுடி, கண்ணு குடுடி' என்று இரண்டு தரம் சொன்னால் நிலைமை கை மீறுகிறது என்று பொருள். இந்தப் பொருள் எந்த அகராதியிலும் இல்லை. நான் தேடிப் பார்த்தேன். ஆனால் இந்த ஊரில் உள்ள அத்தனை காப்பகங்களிலும் இதுதான் பேச்சு. நாகரிகமான பேச்சு. சொல்லக் கூசுகிற ஒரு சொல்லை விழுங்கிவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடும். எந்தச் சொல்லை விழுங்குகிறோம் என்று உங்களுக்குத் தெரியும். மேடை மரியாதைக்காக நானும் அதை இப்போதைக்குத் தொண்டையிலேயே வைத்திருக்கிறேன்.

எனக்குக் கண் கொடுத்து வந்தவள் எங்கள் உதவியாளர். பிள்ளைகளுக்குச் சின்னம்மா. அதோ, மூன்றாவது நாற்காலியில், கழுத்திலிருந்து தொட்டில் கட்டிக் கையை அதில் தூங்க வைத்திருக்கிறாளே, அவளேதான். எழுந்திருக்காதே, உட்காரு. எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

மழை பெய்த ஒரு நாள், கை கழுவும் இடத்தில் தரை ஈரம். ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவள் வழுக்கினாள். விழுகிறவள் எதைப் பிடிப்பாள்? சுவரைப் பிடிப்பாள், குழாயைப் பிடிப்பாள். இவள் பிள்ளையைப் பிடித்தாள். பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. இவள் மணிக்கட்டு ஒன்று இரண்டாக முறிந்தது. பிள்ளை எழுந்து, "இன்னொரு தரம்" என்றது.

கட்டுப் போட்டார்கள். நீண்ட விடுப்பு கொடுத்தார்கள். கொடுத்ததுதான் நியாயம். அவளுக்கு மாற்றாக ஒருவரை அனுப்புங்கள் என்று கேட்டேன். அப்போதுதான் ஒரு அரிய தத்துவத்தை அறிந்துகொண்டேன். பணியின்போது அடிபட்டு விடுப்பில் இருப்பவர், பணியில் இருப்பவராகவே கருதப்படுவாராம். இருக்கும் இடத்துக்கு எப்படி ஆள் போட முடியும்? ஆக, அலுவலகத்தின் கணக்கில் எங்கள் காப்பகத்தில் இன்றும் இரண்டு பேர். அந்தக் கருதப்பட்ட சின்னம்மாவிடம் நானும் பல தடவை கண் கேட்டுப் பார்த்துவிட்டேன். கொடுக்க மாட்டேன் என்கிறாள்.

அன்றிலிருந்து தண்ணீரை நிறுத்தினேன். காலையில் வாய் கொப்பளிப்பதோடு சரி. சாயங்காலம் கடைசிப் பிள்ளையின் அம்மா வந்து, செருப்புத் தேடி, காணாத தொப்பியைத் தேடி, "இன்னைக்கு என்ன சாப்பிட்டான்?" என்று விசாரித்து, "நேத்து என்ன சாப்பிட்டான்?" என்றும் விசாரித்துப் போன பிறகுதான் நான் படியிறங்குவேன். அந்தத் தாய் இங்கேதான் இருக்கிறார். தப்பாக நினைக்காதீர்கள் அம்மா. பிள்ளை மேல் பாசம் வேண்டியதுதான். பாசத்தைப் பத்து நிமிடம் முன்னதாகத் தொடங்கினால் போதும்.

பிறகு எரிச்சல் வந்தது. எரிச்சலுக்குப் பிறகு காய்ச்சல். காய்ச்சலுக்குப் பிறகு இடுப்பின் பக்கவாட்டில், உள்ளே யாரோ உட்கார்ந்துகொண்டு குடைகிற மாதிரி ஒரு வலி. மருத்துவர் அம்மாவிடம் போனேன். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டார். வீட்டுக்குப் போனதும் குடிப்பேன் என்றேன்.

"பகல்ல?"

"பகல்ல ஊத்திக் குடுப்பேன் டாக்டர்."

மாத்திரை கொடுத்தார். சரியானது. திரும்ப வந்தது. திரும்பக் கொடுத்தார். மூன்றாவது முறை படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மாத்திரைப் பேச்சையே எடுக்கவில்லை. கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டதாம். சில நாள் படுக்க வைத்து ஊசி வழியாக மருந்து ஏற்ற வேண்டுமாம். அடுத்த வாரம் வருகிறேன் என்றேன். அடுத்த வாரம் போய், அதற்கடுத்த வாரம் வருகிறேன் என்றேன். நேற்று அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "நாளை மறுநாள் நீங்களா வந்தா நடந்து வருவீங்க. இல்லன்னா அதுக்கப்புறம் உங்களத் தூக்கிட்டு வருவாங்க. எது வசதின்னு நீங்களே முடிவு பண்ணுங்க," என்றார். அவர் சொன்ன நாள்தான் நாளைக்கு.

சரி, பொறாமைக்கு வருகிறேன். விட்டுவிட்டேன் என்று நினைத்தீர்களா?

சின்னம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். கட்டிலில் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் இரண்டு தலையணை. தலைமாட்டில் பெரிய பாட்டில் நிறையத் தண்ணீர். அவள் வீட்டுக்காரர் பின்னால் உட்கார்ந்து தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தார். கோணலாகத்தான். ஆனால் பின்னிக்கொண்டிருந்தார். "வாக்கா," என்றாள். பேசிக்கொண்டே பாட்டிலைத் தூக்கிக் குடித்தாள். கடகடவென்று குடித்தாள். குடித்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். யாரையும் கேட்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சும்மா போனாள், சாவகாசமாக வந்தாள். அடுத்தவள் நகையைப் பார்த்து நான் வெந்ததில்லை. அடுத்தவள் வீட்டைப் பார்த்து வெந்ததில்லை. அன்றைக்கு வெந்தேன்.

"நல்லாத்தான் கட்டுப் போட்டிருக்காங்கடி," என்றேன்.

"ஆசையா இருந்தா நீயும் வழுக்கி விழேன்க்கா. யாரு புடிச்சுட்டு இருக்கா?"

"நான் விழுந்தா புள்ளைங்கள யாரு பாக்கறது?"

"அப்ப லீவு நாள்ல விழு," என்றாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தக் கட்டைப் பாருங்கள், அதன் வெண்மை என்ன, வடிவம் என்ன. பேருந்தில் ஏறினால் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். கடைக்குப் போனால் பையைத் தூக்கிக் கொடுக்கிறார்கள். ஒரு நாள் காப்பகத்துக்கு வந்தாள்; பிள்ளைகள் வரிசையில் நின்று அந்தக் கட்டின் மேல் சூரியன் வரைந்தார்கள். என் சிறுநீரகத்தின் மேல் யார் சூரியன் வரைவார்கள்? எந்தப் பேருந்தில் அதற்கு இடம் கொடுப்பார்கள்? என் வீட்டுக்காரரே கேட்டார், "உனக்கென்ன, நல்லாத்தான இருக்க?" என்று. இரண்டாவது வரிசையில் இருக்கிறார். நீங்களும் எழுந்திருக்க வேண்டாம். தலையைக் குனியவும் வேண்டாம்.

நோயிலும் அதிர்ஷ்டம் வேண்டும், சான்றோர்களே. வெளியே தெரிகிற நோய்க்கு வீட்டில் மரியாதை, வீதியில் மரியாதை, விடுப்பில் மரியாதை. எங்களில் பலருக்கு வாய்த்திருப்பதோ உள்ளே ஒளிந்திருக்கும் நோய். முதுகில் ஒருத்திக்கு, முட்டியில் ஒருத்திக்கு. ரயில் பாலத்துக்குப் பக்கத்துக் காப்பகத்தில் இருப்பவளுக்குத் தொண்டை. நாள் முழுவதும் ரயிலை மிஞ்சிக் கத்தி, இப்போது வீட்டில் சைகையில்தான் பேசுகிறாள். அவள் வீட்டில் நிம்மதியாக இருக்கிறார்களாம்.

இனி இந்த விழாவின் வரலாற்றுக்கு வருகிறேன். வரலாறு கட்டாயம் பதிவாக வேண்டும்.

சின்னம்மா விழுந்த கொஞ்ச நாளில் காப்பகப் பணியாளர்கள் எல்லோரையும் கூட்டி வைத்து நல அலுவலர் ஐயா குறை கேட்டார். நல்ல மனிதர். உண்மையாகவே சொல்கிறேன். அவருக்கு முன்னால் இருந்தவர்கள் குறை சொல்லத்தான் வருவார்கள். கேட்க வந்தவர் இவர் ஒருவர்தான். "தைரியமா சொல்லுங்கம்மா, உங்களுக்கு என்ன வேணும்?" என்றார். எங்களில் மூத்தவள் எழுந்தாள். சந்தைப் பக்கத்துக் காப்பகத்தில் இருப்பவள். இடி விழுந்தாலும் குரல் இறங்காதவள். அவள் எழுந்து, தலையைக் குனிந்து, தரையைப் பார்த்து, "கண்ணு குடுக்க ஆளில்லைங்க சார்," என்றாள்.

உடனே கூடத்தில் இருந்த அத்தனை பெண்களும், "ஆமாங்க சார், கண்ணுதாங்க சார், கண்ணுதான் பெரிய கஷ்டம்," என்று ஒரே குரலாகச் சொன்னோம்.

ஐயாவுக்கு மனம் இளகிவிட்டது. "எல்லாருக்குமேவா?" என்றார்.

"எல்லாருக்குமேதாங்க."

"எவ்வளவு நாளா?"

"வேலைக்கு வந்த நாள்ல இருந்துங்க. மத்தியானத்துக்கு மேல தாங்க முடியறதில்லைங்க."

ஐயா குறித்துக்கொண்டார். அவர் என்ன குறித்துக்கொள்கிறார் என்பது அவர் தன் கண்ணைத் தொட்டுக் காட்டித் தன் அலுவலக உதவியாளரிடம் சொன்னபோதே எங்களுக்குப் புரிந்துவிட்டது. ஒருத்தி திருத்தியிருக்கலாம். 'அந்தக் கண் இல்லை ஐயா' என்றிருக்கலாம். அப்படிச் சொன்னால் 'பின் எந்தக் கண்?' என்று கேட்பார். விளக்க வேண்டும். விளக்க அந்தச் சொல் வேண்டும். ஒரு நாளைக்கு நூறு தடவை பிள்ளைகளிடம் கூசாமல் சொல்கிற சொல். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆண் முன்னால் எங்களில் ஒருத்திக்கும் வாயில் வரவில்லை. ஒருத்தியை ஒருத்தி பார்த்தோம். எல்லோரும் தரையைப் பார்த்தோம். அந்தத் தரையிலிருந்துதான் இந்தக் கண் முகாம் முளைத்தது.

முகாம் பிரமாதம். குறையே சொல்ல முடியாது. கண் மருத்துவர் ஐயா என்னை உட்கார வைத்து எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். கடைசி வரி வரை படித்தேன். அதற்குக் கீழே பொடியாக அச்சிட்டிருந்த அச்சகத்தின் முகவரியையும் படித்தேன். பிள்ளைகள் விழுங்கப் போகிற பாசிமணியை அறையின் அந்தக் கோடியிலிருந்து பார்க்கிற கண் ஐயா இது. "உங்க கண்ணு அருமையா இருக்கேம்மா, என்னதான் பிரச்சினை?" என்றார். சரி, இவர் மருத்துவர்தானே, சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் குனிந்து, "கண்ணுல ஒண்ணுமில்லைங்க. கண்ணு குடுக்கறதுதான் பிரச்சினை," என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. மரியாதையாக எழுந்து நின்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரிய மனசும்மா உங்களுக்கு. ஆனா உயிரோட இருக்கும்போது அத நாங்க எடுக்கறதில்ல," என்றார்.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். மருத்துவர் ஐயாவும் சிரிக்கிறார். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் உயிரோடு இருக்கும்போதே நாள் முழுவதும் கண்ணைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று அவரிடம் அன்றைக்குச் சொல்லத் தோன்றவில்லை. குறையில்லாத கண்ணுக்கும் ஒதுக்கிய கண்ணாடியைக் கொடுத்துத்தான் ஆக வேண்டுமாம். கொடுத்தார்கள். வெறும் கண்ணாடி. போட்டுப் பார்த்தேன். முன்பு எப்படித் தெரிந்ததோ, அப்படியே தெரிகிறது. ஒரே ஒரு வித்தியாசம். இப்போது பிள்ளைகள் அதைப் பிடுங்குவதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மேற்பார்வையாளர் அம்மா சைகை காட்டுகிறார். முடிக்கிறேன் அம்மா. ஒரே ஒரு சொல்தான் பாக்கி. தொண்டையில் வைத்திருந்தேன் அல்லவா, அது.

தாய்மார்களே, தந்தைமார்களே, தலைவர் ஐயா அவர்களே. எங்களுக்கு மூத்திரம் போக நேரம் வேண்டும்.

சொல்லிவிட்டேன். மேடை இடிந்துவிடவில்லை. விளக்கு அணைந்துவிடவில்லை. தலைவர் ஐயாவின் கையில் இருந்த தண்ணீர்க் குவளை மட்டும் மேசைக்கு இறங்கிவிட்டது. குடியுங்கள் ஐயா. குடிக்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எல்லோரும் குடிக்க வேண்டும், எல்லோரும் போக வேண்டும் என்றுதான் சொல்ல வந்தேன். மூத்திரம் போக வேண்டும். மூத்திரம் போகக் காப்பகத்துக்கு மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டும். அந்த மூன்றாவது ஆள் வரும்வரை, ஒருத்தி விழுந்தால் இன்னொருத்தி நோயில் விழுவாள். இதை எந்தத் துறைக்கு அனுப்பினாலும் இனி வேறு பொருளில் புரிந்துகொள்ள முடியாது என்று நம்புகிறேன்.

என்ன அங்கே சத்தம்? யார் எழுந்திருப்பது? சின்னம்மா, உட்காரச் சொன்னேனே.

பின்னால் கேட்டிருக்காது. அவள் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறேன். "நாளைக்கு நான் போறேங்க. ஒரு கை நல்லாத்தான இருக்கு. அக்கா ஆஸ்பத்திரிக்குப் போகட்டும்," என்கிறாள்.

கை தட்டாதீர்கள்.

தயவு செய்து தட்டாதீர்கள். நீங்கள் தட்டினால் அவள் வந்துவிடுவாள். எனக்கு அவளைத் தெரியும். ஒற்றைக் கையால் பிள்ளையைத் தூக்குவாள், ஒற்றைக் கையால் பானையை இறக்குவாள், கட்டுப் போட்ட எலும்பு கோணலாகச் சேரும். நீங்கள் அவளுக்கு மாலை போடுவீர்கள். தியாகம் என்பீர்கள். தெய்வம் என்பீர்கள். இப்படித் தட்டித் தட்டித்தான் எங்களை வேலை வாங்கியிருக்கிறீர்கள். ஒரு நோயாளிக்கு இன்னொரு நோயாளி மாற்று என்றால் அதற்குப் பெயர் சேவையா? ஓட்டைக் குடத்துக்கு ஓட்டைக் குடத்தை மூடியாக வைப்பதற்குப் பெயர் சேவையா?

சின்னம்மா, இங்கே பார். உன் மேல் எனக்குப் பொறாமை. இந்த நிமிடமும் பொறாமை. நீ தண்ணீர் குடிப்பது பொறாமை, நீ சாய்ந்து படுப்பது பொறாமை, உன் கோணல் பின்னல் பெரும் பொறாமை. அந்தப் பொறாமையைக் கெடுத்துவிடாதே. இந்த ஊரில் எங்கள் தொழிலில், உடம்பு சரியில்லாதபோது படுத்திருக்கிறவள் நீ ஒருத்திதான். நீயும் எழுந்து வந்துவிட்டால் நான் பார்த்துப் பொறாமைப்பட ஒருத்திகூட மிச்சமில்லை. ஒரு தொழிலில் ஒருவரைப் பார்த்து ஒருவர் பொறாமைப்படக்கூட வழியில்லை என்றால், அந்தத் தொழிலில் எல்லோரும் ஒரே மாதிரி செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். நீ படுத்துக்கொள். நான் வயிறெரிகிறேன். எரிந்து எரிந்து நானும் அப்படிப் படுக்க வேண்டும். என்னைப் பார்த்துச் சந்தைக்காரி எரிய வேண்டும், அவளும் படுக்க வேண்டும். அவளைப் பார்த்து ரயில் பாலத்துக்காரி எரிய வேண்டும். எங்கள் பொறாமை ஊரெல்லாம் பரவ வேண்டும். எங்கள் உடம்பு ஊரெல்லாம் தேற வேண்டும்.

இதற்குத் தட்டலாம். இப்போது தட்டுங்கள்.

போதும். தலைவர் ஐயா ஏதோ சொல்கிறார். "ஆவன செய்யப்படும்" என்கிறார். நன்றி ஐயா. ஆவன எப்போது வரும்? காப்பகம் காலை எட்டு மணிக்குத் திறக்கும். ஆவன எட்டு மணிக்கு முன்னால் வந்துவிடுமா? இல்லை ஐயா, நான் ஒலிபெருக்கியை விட்டு நகரப் போவதில்லை. உங்களுக்கு வேண்டுமானால் உங்கள் பக்கம் திருப்புகிறேன். நீங்களே சொல்லுங்கள்.

கேட்டீர்களா? கடைசி வரிசைக்காக நான் ஒரு முறை சொல்லிவிடுகிறேன். "நாளைல இருந்து அந்த அம்மா குணமாகி வர்ற வரைக்கும் நலத்துறை அலுவலகத்துல இருந்து ரெண்டு பேர் காப்பகத்தப் பாத்துக்குவாங்க. மூணாவது ஆள் விஷயத்த அடுத்த மன்றக் கூட்டத்துல நானே வைக்கிறேன்" என்று தலைவர் ஐயா இத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். முதல் பாதிக்கு இப்போதே நன்றி. இரண்டாவது பாதிக்கு நன்றியை மன்றக் கூட்டத்துக்கு நேரில் வந்து சொல்கிறேன். எங்கள் காப்பகத் தாய்மார்களும் கூட வருவார்கள். வருவீர்கள்தானே? வருவார்களாம் ஐயா.

அலுவலகத்தில் யார் அந்த இரண்டு பேர் என்று நல அலுவலர் ஐயா கேட்கிறார். தலைவர் ஐயா அவரையே பார்க்கிறார். மேற்பார்வையாளர் அம்மாவையும் பார்க்கிறார். ஆக, ஆள் தெரிந்துவிட்டது.

எனக்கு மனம் நிறைந்துவிட்டது. நல்ல கண்ணை நல்ல கண் என்று சொன்ன மருத்துவர் ஐயாவுக்கு நன்றி. பேசவிட்ட ஒலிபெருக்கிக்காரருக்கு நன்றி. எழுந்து போகாமல் இவ்வளவு நேரம் இருந்த கடைசி வரிசைப் பெரியோர்களுக்கு நன்றி. இப்போது நீங்கள் தாராளமாகப் போகலாம். நல அலுவலர் ஐயா அவர்களே, மேற்பார்வையாளர் அம்மா அவர்களே, உங்களுக்குத்தான் என் முழுமுதல் நன்றி. பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். வாலுவை மட்டும் நம்ப வேண்டாம். கேள்விக்குறிக்குப் பொய் சொல்ல வேண்டாம். தொழில் தெரிந்தவள் என்ற உரிமையில் ஒரே ஒரு யோசனை சொல்லி விடைபெறுகிறேன். நாளைக் காலை வரும்போது, வீட்டிலேயே போய்விட்டு வாருங்கள்.

வணக்கம்.